ஒன்ராறியோவிலிருந்து வந்த எஞ்சின்: எழுபது ஆண்டு ஓடும் இயந்திரமும் இருபத்து நான்கு ஆண்டு நின்ற பாதையும்

யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தபோது எனக்கு இருபது வயது கடந்திருந்தது. என் வயதுக்காரர் பலருக்கும் அதுதான் முதல் ரயில். சிறுவயதில் எங்களுக்குக் 'கோச்சிப் பாதை' என்றால் ஊருக்கு நடுவே உயர்ந்து கிடந்த ஒரு மண்மேடு மட்டுமே. அதில் சைக்கிள் ஓடினோம், மாடு கட்டினோம். தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் எப்போதோ பங்கர்களுக்குப் போய்விட்டிருந்தன. இரண்டு தரப்புப் பங்கர்களுக்கும்தான்.

வீட்டில் அம்மம்மாவுக்கு அந்த மண்மேடு வேறொன்றாக இருந்தது. மெயில் வண்டியின் சத்தம் கேட்டால் விடிந்துவிட்டது என்று எழும்பிய காலத்தை அவர் சொல்லிக்கொண்டிருப்பார். நீராவி எஞ்சினுக்கு ஒரு சத்தம், பிறகு வந்த டீசல் எஞ்சினுக்கு இன்னொரு சத்தம் என்று வாயாலேயே செய்து காட்டுவார். அவர் செய்து காட்டிய அந்த இரண்டாவது சத்தத்தை நான் பல ஆண்டுகள் கழித்துக் கொழும்பில் கேட்டேன். நீண்ட மூக்கும் பக்கத்தில் ஓர் ஊர்ப் பெயரும் கொண்ட பழைய எஞ்சின் ஒன்று மேடையைக் கடந்து போனது. பிறகு விசாரித்தபோதுதான் அது எங்களுக்கு எவ்வளவு நெருக்கமான இயந்திரம் என்று தெரிந்தது.

கனடா மாகாணங்களின் பெயரோடு

இலங்கைப் புகையிரதத் திணைக்களம் தன் எஞ்சின்களை 'எம்' என்ற எழுத்தாலும் ஓர் எண்ணாலும் வகைப்படுத்துகிறது. எம்1 என்பவை 1953இல் பிரித்தானியாவின் பிரஷ் நிறுவனத்திடமிருந்து வந்த டீசல் எஞ்சின்கள். அடுத்த ஆண்டு, 1954இல், எம்2 வந்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் லண்டன் என்ற பெயரில் ஒரு நகரம் உண்டு. அங்கிருந்த ஜெனரல் மோட்டர்ஸ் டீசல் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை அவை.

அப்போது கொழும்புத் திட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. 1950 ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிவிவகார அமைச்சர்கள் கொழும்பில் கூடியபோது உருவான உதவித் திட்டம் அது. அதன்கீழ் கனடா இலங்கைக்கு வழங்கிய நன்கொடைதான் முதல் எம்2 எஞ்சின்கள். அதற்கு நன்றியாக அவற்றுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன: ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, சஸ்காச்சுவான், மனிடோபா. பின்வந்த ஆண்டுகளில் வந்தவற்றையும் சேர்த்து மொத்தம் 14 எம்2 எஞ்சின்கள் இங்கு இறக்கப்பட்டன.

இந்தப் பெயர்களை இன்று வாசிக்கும் தமிழருக்கு ஒரு கணம் தடுக்கும். ஒன்ராறியோ இப்போது எங்கள் அண்ணாவும் சித்தியும் இருக்கும் இடம். இலங்கைக்கு வெளியே தமிழர் மிகத் திரளாக வாழும் இடங்களில் ஒன்று. அங்கிருந்து இங்கே எஞ்சின் வந்து ஒரு தலைமுறை கழித்து இங்கிருந்து அங்கே ஆட்கள் போனார்கள். போனவர்களில் பலர் ஊரை விட்டு முதன்முதலில் புறப்பட்டதே, கனடாவில் செய்த ஓர் எஞ்சின் இழுத்த ரயிலில் இருந்திருக்கலாம்.

டீசலுக்கு மாறும் காலத்தைத் திணைக்களத்தில் முன்னின்று நடத்தியவர் பி. டி. ரம்பால. பிரதம இயந்திரப் பொறியியலாளராக இருந்து 1955இல் பொது முகாமையாளரானார். பிரதம இயந்திரப் பொறியியலாளர் பதவிக்கு வந்த முதல் இலங்கையர் அவரே. பெயர் சூட்டிய கடுகதி ரயில்கள் அவர் காலத்தில்தான் ஓடத் தொடங்கின. 1956 ஏப்ரல் 23ஆம் திகதி கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குப் புறப்பட்ட யாழ்தேவி அவற்றில் ஒன்று.

டீசல் எஞ்சின் சக்கரத்தைச் சுற்றுவதில்லை

ரயில் எஞ்சினைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. பஸ்ஸைப் போல டீசல் எஞ்சின் ஒன்று கியர் வழியாகச் சக்கரத்தைச் சுற்றுகிறது என்று நினைக்கிறோம். எம்2 அப்படி அல்ல. அதன் நீண்ட மூக்குக்குள் இருப்பது உண்மையில் ஒரு சிறிய மின்நிலையம்.

டீசல் எஞ்சின் ஒரு மின்பிறப்பாக்கியைச் சுற்றும். அதில் பிறக்கும் மின்னோட்டம் கம்பி வழியாகக் கீழே சக்கர அச்சுகளில் பொருத்தப்பட்ட மின்மோட்டார்களுக்குப் போகும். சக்கரத்தைச் சுற்றுவது அந்த மோட்டார்கள். அதனால்தான் இதனை டீசல்-மின் எஞ்சின் என்கிறார்கள்.

ஏன் இந்தச் சுற்றுவழி? நின்றுகொண்டிருக்கும் ஒரு ரயிலை அசைப்பதுதான் மிகக் கடினமான வேலை. நூற்றுக்கணக்கான தொன் பாரத்தைப் பூச்சிய வேகத்திலிருந்து இழுக்க வேண்டும். டீசல் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பலம் குறைவு. முற்றாக நின்றுவிட்டால் பலமே இல்லை. பஸ்ஸில் கிளச்சும் கியரும் அந்தக் குறையை நிரப்புகின்றன. ஒரு முழு ரயிலின் பாரத்தைக் கிளச்சில் ஏற்றினால் அது எரிந்து போகும். மின்மோட்டாரின் குணம் இதற்கு நேரெதிர். ஏறத்தாழ நிற்கும் நிலையில்தான் அதன் முறுக்குவிசை மிக அதிகம். ஆகவே டீசல் தனக்கு வசதியான வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, இழுக்கும் வேலையை மோட்டார்கள் பார்த்துக்கொள்கின்றன.

சாரதியின் கையில் இருக்கும் விசைப்பிடிக்கு எட்டுப் படிகள். மேடையில் நிற்கும்போது கவனித்துக் கேட்டால் தெரியும்: ரயில் அசையும் முன்னரே எஞ்சினின் இரைச்சல் ஏறும். பிறகுதான் பெட்டிகள் ஒவ்வொன்றாக இழுபடும். அந்த இடைவெளியில் நடப்பது மின்சாரம் பிறந்து மோட்டாருக்குப் போகும் வேலை.

எம்2இன் டீசல் எஞ்சினுக்கு '567' என்று பெயர். அதன் ஒவ்வொரு சிலிண்டரின் கொள்ளளவும் 567 கன அங்குலம் என்பதால் வந்த பெயர். எங்கள் கணக்கில் சொன்னால் ஒரு சிலிண்டர் ஏறத்தாழ 9.3 லீற்றர். ஊரில் ஓடும் 100 சீசீ மோட்டார் சைக்கிள் எஞ்சின்கள் தொண்ணூற்று மூன்றை ஒன்றாகச் சேர்த்தால் இதன் ஒரு சிலிண்டர் வரும். அப்படி 12 சிலிண்டர்கள். மொத்த வலு 1425 குதிரைவலு.

அம்மம்மா செய்து காட்டிய சத்தத்துக்கான காரணமும் இதில் இருக்கிறது. பஸ், லொறிகளில் இருப்பவை நான்கு அடிப்பு எஞ்சின்கள். ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். 567 ஓர் இரண்டு அடிப்பு எஞ்சின். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும். முழுவிசையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்று என்றால், பன்னிரண்டு சிலிண்டரும் சேர்ந்து ஒரு செக்கனுக்கு 160 வெடிப்பு. தனித்தனி வெடிப்பாகக் காதில் விழாமல், மார்புக்குள் அதிரும் ஒரே முழக்கமாக அது கேட்பது அதனால்தான்.

ஆறு அச்சு, நான்கு மோட்டார்

எம்2 எஞ்சின்களில் பெரும்பாலானவற்றின் அடியில் குனிந்து பார்த்தால் முன்பக்கம் மூன்று அச்சு, பின்பக்கம் மூன்று அச்சு தெரியும். ஆனால் மோட்டார்கள் நான்குதான். ஒவ்வொரு மூன்றிலும் நடு அச்சு சும்மா உருளும். அதன் வேலை பாரம் தாங்குவது மட்டும். எஞ்சினின் பாரத்தை நான்கு அச்சில் ஏற்றினால் பழைய தண்டவாளமும் பாலங்களும் தாங்கச் சிரமப்படும். அதையே ஆறாகப் பகிர்ந்தால் ஒவ்வொரு புள்ளியிலும் அழுத்தம் குறையும். நம் பாதைக்கு ஏற்றபடி இயந்திரத்தை அமைத்தார்கள்.

ஒரு சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு நாணயத்தின் அளவுதான். உருக்கின்மேல் உருக்கு. அதனால் உராய்வு மிகக் குறைவு. ஒரு தடவை ஓடத் தொடங்கிவிட்டால் இவ்வளவு பெரிய பாரத்தையும் குறைந்த டீசலில் இழுத்துக்கொண்டு போகலாம். ரயிலின் முழுச் சிக்கனமும் இந்த வழுவழுப்பில்தான் இருக்கிறது. ஆபத்தும் அதிலேதான் இருக்கிறது. ஈரத்தில் சக்கரம் பிடிக்காமல் வழுக்கும்போது தண்டவாளத்தில் தூவுவதற்கு எஞ்சின்கள் மணலைக் கூடவே சுமந்து செல்கின்றன. இதை நினைவில் வைத்திருங்கள். கடவைகளைப் பற்றிப் பேசும்போது திரும்ப வருவோம்.

ஏன் இவ்வளவு காலம் ஓடுகிறது?

எம்1 எஞ்சின்கள் எப்போதோ ஓய்வுபெற்றுவிட்டன. எம்2இல் சில இன்னும் ஓடுகின்றன. எழுபது ஆண்டுகள் கடந்தும் ஓடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, அதன் அமைப்பு. 567 எஞ்சினில் ஒரு சிலிண்டர் பழுதானால் முழு எஞ்சினையும் கழற்றத் தேவையில்லை. அந்தச் சிலிண்டரை அதன் தலை, முசலம், தண்டு எல்லாவற்றோடும் ஒரே தொகுதியாகத் தூக்கி எடுத்துவிட்டு இன்னொன்றை இறக்கலாம். அதே உற்பத்தியாளர் பின்னாளில் செய்த '645' எஞ்சினின் சிலிண்டர் தொகுதிகளை 567இன் பிந்திய வகைகளுக்குள் பொருத்தலாம். 1979க்குப் பின் ஜெர்மனியிலிருந்து வந்த எம்6 எஞ்சின்களின் உள்ளே இருப்பதும் அந்த 645 தான். ஆகவே பழையதற்கு உதிரிப்பாகம் இல்லை என்ற நிலை வரவில்லை.

இரண்டாவது காரணம், கை. இரத்மலானைப் பட்டறையிலும் கொழும்பின் எஞ்சின் கொட்டகைகளிலும் இந்த இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டியவர்களின் வரிசை ஒருநாளும் அறுபடவில்லை. மூத்தவர் இளையவருக்குக் காட்டிக் கொடுத்தார். எந்தச் சத்தம் சரி, எந்தச் சத்தம் பிழை என்பது கையேட்டில் எழுதியிருக்காது. அது காதிலிருந்து காதுக்குப் போகும் அறிவு. இயந்திரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த வரிசை அறுந்தால் அது இரும்புதான்.

இந்த இரண்டாவது காரணத்தை வைத்துத்தான் எங்கள் பாதையைப் பார்க்க வேண்டும். இங்கே அறுந்தது அதுதான்.

அறுந்த பாதை

வடக்கில் ரயில் ஓடத் தொடங்கியது தெற்குடன் பாதை இணைவதற்கு முன்னரே. 1902 மார்ச் 11இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை பாதை திறக்கப்பட்டது. அதே ஆண்டு செப்ரெம்பரில் அது பளை வரை நீண்டது. மூன்று ஆண்டுகள் குடாநாட்டுக்குத் தனி ரயில். 1905 ஆகஸ்ட் 1ஆம் திகதி முழுப் பாதையும் திறக்கப்பட்டு, கொழும்பிலிருந்து முதல் ரயில் யாழ்ப்பாணம் வந்தது. பயணத்துக்கு 13 மணித்தியாலம் 20 நிமிடம் எடுத்தது.

அதன்பின் எண்பத்தைந்து ஆண்டுகள் அந்தப் பாதை எங்கள் வாழ்க்கைக்குள் ஓடியது. கொழும்பில் வேலை பார்த்த அரசாங்க உத்தியோகத்தர்கள் வெள்ளி இரவு ஏறிச் சனி காலை வீட்டில் நின்றார்கள். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் தெற்கே போயின. காங்கேசன்துறைச் சீமெந்தும் ரயிலேறியது. 1975இல் மொன்றியலில் செய்யப்பட்ட எம்4 எஞ்சின்களும் வந்து சேர, கனடிய எஞ்சின்களின் முழக்கம் இந்தப் பாதையில் வழக்கமான சத்தமாயிற்று.

ரயில் நல்ல நினைவுகளை மட்டும் கொண்டுவரவில்லை. 1958இலும் 1977இலும் 1983இலும் தமிழ்ப் பயணிகள் ரயில்களிலும் ரயில் நிலையங்களிலும் வைத்துத் தாக்கப்பட்டார்கள். 1985 ஜனவரி 19இல் யாழ்தேவி முறிகண்டிப் பக்கத்தில் குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானது. படையினரோடு பொதுமக்களும் இறந்தார்கள். ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் பாதை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. இரண்டாம் கட்டப் போர் வெடித்த நாட்களில், 1990 ஜூன் 13இல், யாழ்ப்பாணத்துக்கான ரயில் சேவை நின்றது.

நின்றது வண்டி மட்டும் என்று நினைக்கக் கூடாது. நிலைய அதிபர், சமிக்ஞை பார்த்தவர், கடவைக் காப்பாளர், தண்டவாளத்தில் நடந்து ஆணி தட்டிப் பார்த்த தொழிலாளி என ஒரு முழுச் சமூகம் கலைந்தது. சிலர் தெற்கே மாற்றலாகிப் போனார்கள், சிலர் இடம்பெயர்ந்தார்கள், சிலர் கடல் கடந்தார்கள். பழையவர் இருந்து புதியவருக்குக் காட்டிக் கொடுக்கும் அந்த வரிசை வடக்கில் அன்றோடு முடிந்தது.

மனிடோபா

அதே காலத்தில் தெற்கில் ஓடிக்கொண்டிருந்த எம்2 எஞ்சின் ஒன்றுக்கு வேறொரு விதி இருந்தது. 591ஆம் இலக்க மனிடோபா. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலை, கொழும்பிலிருந்து தென்கரையோரமாகச் சென்ற ரயிலை அது இழுத்துக்கொண்டிருந்தது. பெரலியவில் கடல் பாதையை மூடியது. ரயிலில் இருந்தவர்களும், பெட்டிகளில் ஏறினால் பாதுகாப்பு என்று ஓடிவந்த ஊரவருமாக 1,700 பேர் வரை அங்கே இறந்தார்கள். உலகின் மிக மோசமான ரயில் அனர்த்தமாக அது கருதப்படுகிறது. எஞ்சின் சாரதியும் உதவிச் சாரதியும் தங்கள் கடமையிலேயே உயிர்விட்டார்கள். உதவிச் சாரதியின் பெயர் தமிழ்ப் பெயர்.

அன்று முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் மட்டக்களப்பிலும் நாங்கள் எங்கள் இறந்தவர்களைத் தேடிக்கொண்டிருந்தோம். பெரலிய எங்கள் செய்திகளில் தூரத்தில் இருந்தது. இன்று நினைத்தால் அந்தத் தூரம் அவ்வளவு பெரிதல்ல.

உப்புநீரில் கிடந்த மனிடோபாவைத் தூக்கிச் சென்று பழுதுபார்த்தார்கள். அது திரும்பவும் சேவைக்கு வந்தது. ஆண்டுதோறும் டிசெம்பர் 26இல் நினைவஞ்சலிக்காக ரயிலை இழுத்துக்கொண்டு அதே பெரலியவுக்குப் போகிறது. ஒரு நாடு தன் இழப்பை நினைவுகூர ஓர் எஞ்சினைத் திருத்தி ஓட்ட முடியும் என்பதற்கு அது சாட்சி. எங்கள் பாதையில் நடந்தவற்றுக்கு அப்படி ஒரு நினைவு வண்டி இன்னும் ஓடவில்லை.

திரும்பி வந்த ரயில்

போர் முடிந்தபின் பாதை இந்தியக் கடனுதவியோடு மீள அமைக்கப்பட்டது. இந்திய அரசின் இர்கோன் நிறுவனம் வேலையைச் செய்தது. 2013 செப்ரெம்பரில் ரயில் கிளிநொச்சியை அடைந்தது. 2014 மார்ச்சில் பளை. 2014 ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணம். 2015 ஜனவரி 2இல் காங்கேசன்துறை. 2022 ஜனவரியில் இந்தப் பாதையில் ஓடத் தொடங்கிய குளிரூட்டிய ரயில் சென்னையிலுள்ள பெட்டித் தொழிற்சாலையில் செய்யப்பட்டது.

தண்டவாளம் புதிது, கொங்கிறீற் சிலிப்பர் புதிது, வேகமும் கூட. ஆனால் பாதையின் இரு பக்கமும் வாழ்ந்தவர்கள் ரயிலோடு வாழ்ந்து பழகாதவர்கள். இருபத்து நான்கு ஆண்டுகளில் அந்த மண்மேட்டைக் கடந்து வீடுகளும் ஒழுங்கைகளும் வந்துவிட்டிருந்தன. ரயில் வந்த நாளிலிருந்து கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் கடவைகளில் உயிர்கள் போயின. படலை இல்லாத கடவைகள் இன்னும் இருக்கின்றன. சில கடவைகளில் சொற்பக் கொடுப்பனவுக்கு நிற்கும் காப்பாளர்கள் நிரந்தர நியமனம் கேட்டுப் பல தடவை வீதியில் இறங்கியிருக்கிறார்கள்.

இங்கேதான் முன்னர் சொன்ன வழுவழுப்பு திரும்ப வருகிறது. பஸ்ஸின் ரயர் தார் வீதியைப் பற்றிக்கொள்ளும். ரயில் சக்கரத்துக்கு அந்தப் பிடி இல்லை. சாரதி உங்களைக் கண்டு தடையை அழுத்தினாலும், அத்தனை பெட்டிகளின் பாரமும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். வேகமாக வரும் ரயில் நிற்க நூற்றுக்கணக்கான மீற்றர் தேவை. வளைந்து திரும்பவும் அதற்கு வழியில்லை. ஆகவே கடவையில் 'சாரதி பார்த்து நிறுத்துவார்' என்ற நினைப்பு பௌதிகத்துக்கு முரணானது. இன்னொன்று, பெரிய பொருள் தூரத்திலிருந்து நேரே வரும்போது அதன் வேகத்தை எங்கள் கண் குறைத்தே மதிக்கும். மெதுவாக வருவதுபோலத் தெரியும் ரயில் மெதுவாக வருவதில்லை.

என் அம்மம்மாவின் காலத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் பாடம் நடத்தவில்லை. தண்டவாளத்தில் காது வைத்துப் பார்க்காதே, கடவையில் சைக்கிளை விட்டு இறங்கு, ஒரு ரயில் போனதும் உடனே ஓடாதே, மறுபக்கமும் பார் என்று வீட்டிலேயே சொல்லி வளர்த்தார்கள். எங்கள் வீடுகளில் அதைச் சொல்ல வேண்டிய தேவை ஒரு தலைமுறைக்கு இருக்கவில்லை. சொல்லும் பழக்கமும் போய்விட்டது. பாதையைக் கடன் வாங்கிக் கட்டலாம். இந்தப் பழக்கத்தை அப்படி வாங்க முடியாது.

கேட்டு வைக்க வேண்டியவை

பழைய எஞ்சின்களை விரும்புபவர்களை வேலையில்லாதவர்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எந்த எஞ்சின் எந்த ஆண்டு எந்தப் பாதையில் ஓடியது, எதற்கு என்ன நடந்தது என்று தேடி எழுதி வைத்திருப்பவர்கள் தெற்கில் பலர். மனிடோபாவின் கதையை நாங்கள் இவ்வளவு விபரமாக அறிவதற்கு அந்த ஆர்வமும் ஒரு காரணம். வடக்குப் பாதையின் கதையை அப்படி எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு.

யாழ்தேவியில் வேலை செய்தவர்கள், மாங்குளத்திலும் கொடிகாமத்திலும் நிலையம் பார்த்தவர்கள், கடவைப் படலை பூட்டியவர்கள் இன்று எழுபதும் எண்பதும் கடந்த வயதில் இருக்கிறார்கள். சிலர் ஊரில், சிலர் ஒன்ராறியோவில். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் இருந்து கேளுங்கள். தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். எந்த நேரம் எந்த வண்டி வந்தது, கடைசி நாள் என்ன நடந்தது, அந்த எஞ்சின் எப்படிச் சத்தம் போட்டது என்று கேளுங்கள்.

அம்மம்மாவை நான் பதிவு செய்யவில்லை. அவர் வாயால் செய்து காட்டிய அந்தச் சத்தம் இப்போது என் காதில் மட்டும்தான் இருக்கிறது.